பாவு நூலும் அம்மாவின் பல்லும்

"பன்னெண்டாவது வரைக்கும் படிச்சது ஊரான் வாய்க்குள்ள கைய உடறதுக்கா அம்மணி?"

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, இதைக் கேட்டபோது எங்கள் நான்கு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. தறி ஓடும்போது தறிக்கூடமான குடோனுக்குள் யாரும் ரகசியம் பேச முடியாது. நலம் விசாரிப்பதையும் கத்தித்தான் விசாரிக்க வேண்டும். அதனால் அந்தக் கேள்வி என்னிடம் மட்டுமல்ல, பக்கத்துக் குடோனிடமும் சேர்த்துக் கேட்கப்பட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா அறுந்த இழையைத் தேடுவதுபோல் பாவுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பெரியம்மா நினைத்த காரணத்துக்காக இல்லை. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதுவரை ஒருவர் வாய்க்குள்ளும் என்னைக் கை வைக்க விட்டதில்லை. டோக்கன் கூப்பிடுவேன், தட்டு ஏந்துவேன், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவ்வளவுதான். எனக்குக் கிடைக்காத பதவியைக் கொடுத்துவிட்டுப் பெரியம்மா என்னைத் திட்டினாள்.

எங்கள் ஊர் சோமனூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். இதை நான் மறந்ததில்லை, மற்றவர்களை மறக்க விட்டதுமில்லை. பேருந்தின் பலகையை யாரும் கேட்காமலே சத்தமாக வாசிப்பேன். மிக்சர் பொட்டலம் கட்டி வந்த தாளை மிக்சர் தீர்வதற்கு முன்பே பிரித்துப் படித்துவிடுவேன். வீட்டில் எல்லாரும் மிக்சரைத் தரையிலிருந்து பொறுக்கித் தின்பார்கள்.

அம்மாவின் பல் கதைக்கு வருகிறேன். அவளுக்கு அப்போது நாற்பது, நாற்பத்திரண்டு இருக்கும். ஒரு பல்கூட விழவில்லை, ஒன்றில்கூடச் சொத்தை இல்லை. ஆனால் பல் விளக்கித் துப்பினால் சிவப்பாக இருக்கும். பேசும்போது ஒரு வாடை வரும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது அதனால்தான், வெட்கத்தால் அல்ல. கீழ்வரிசையின் முன்பற்கள் நான்கும் நாக்கால் தள்ளினால் லேசாக அசைந்து கொடுக்கும். சாப்பிட்டதும் வளையலில் மாட்டியிருக்கும் ஊக்கைக் கழற்றிப் பல் இடுக்கைக் குத்துவாள். குத்தினால் ரத்தம் வரும். ரத்தம் வந்த இடத்தைப் பயந்துபோய் நாலு நாள் விளக்காமல் விடுவாள். அங்கே இன்னும் அடையும். மறுபடியும் ஊக்கு வெளியே வரும்.

இதற்கு ஒரே வழியாக அம்மா கண்டுவைத்திருந்தது பெரியம்மாவின் பல்செட்டு. பெரியம்மா இரண்டு வருடம் முன்பு தன் பற்களையெல்லாம் பிடுங்கிவிட்டுச் செட்டு மாட்டியிருந்தாள். கீழே வலது கடைவாயில் மட்டும் ஒட்டினாற்போல் சொந்தப் பல் இரண்டு மிச்சம். செட்டின் கம்பி அவற்றில்தான் மாட்டிக்கொண்டிருக்கும். பெரியம்மா சிரித்தால் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வீட்டைப் பார்ப்பதுபோல் இருக்கும். சின்ன வயதிலிருந்தே அக்காவின் புடவை, அக்காவின் கம்மல் என்று ஆசைப்பட்ட அம்மா, இப்போது அக்காவின் பல்லுக்கு ஆசைப்பட்டாள்.

"ஒட்டுக்கா புடுங்கிப்போட்டு அக்கா மாதிரியே செட்டு மாட்டிக்கறேன். சனியன் தொலஞ்சுதுன்னு இருக்கும்" என்றாள்.

"செட்டுன்னா தொல்லையே இல்ல. எடுத்து வெளக்கிப்போட்டு மாட்டிக்கலாம். கோயமுத்தூர் போயிப் பல்லைக் காட்டிக் கெஞ்சோணும்னு இல்ல" என்றாள் பெரியம்மா, என்னைப் பார்த்தபடி.

பல் மருத்துவமனையில் வேலை செய்கிறவளின் அம்மா நல்ல பல்லையெல்லாம் பிடுங்கிக்கொண்டாள் என்றால் நான் எந்த முகத்தோடு தட்டு ஏந்துவது? அதைவிட எனக்குப் பயமாக இருந்தது இன்னொன்று. அந்த முகத்தில் அந்தப் பல் இல்லாமல் அம்மாவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. "எங்க டாக்டர் நல்லாப் புடுங்குவாங்க, வா" என்று பொய் சொல்லிக் கூட்டிப்போனேன்.

நாற்காலியில் படுத்ததும் டாக்டரம்மா கேட்டார். "என்னம்மா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலீங்க. எல்லாத்தையும் புடுங்கிப்போடுங்க, போதும்."

"எல்லாத்தையும்னா? எத்தனை?"

"எண்ணலீங்க. இருக்கறது பூரா."

டாக்டரம்மா கண்ணாடியை வைத்து வாயெல்லாம் பார்த்தார். ஒரு படமும் எடுத்துப் பார்த்தார். பல்லில் ஒரு கெடுதலும் இல்லை, ஈறுதான் கெட்டிருக்கிறது என்றார். "பிரஷ் பல்லோட முன்னாலயும் பின்னாலயும்தான் போகும்மா. ரெண்டு பல்லுக்கு நடுவுல போகாது. நடுவுல அடையறதுதான் உங்க ஈறை அரிச்சிருக்கு. நான் ரெண்டு தடவை சுத்தம் பண்ணி விடறேன். அப்புறம் நீங்க தினமும் இடுக்குல நூல் விட்டு எடுக்கணும். மூணு மாசம் கழிச்சு வாங்க. அந்தக் கீழ்ப்பல் நாலையும் எடுக்கறதா வச்சுக்கறதானு அப்பப் பாக்கலாம்."

அம்மா மனதுக்குள் மாதங்களை எண்ணினாள். "அப்ப நோம்பி முடிஞ்சு புடுங்கறீங்க. செரிங்க."

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவான நோம்பிக்குச் சரியாக மூன்று மாதம் இருந்தது. டாக்டரம்மா சொன்னதில் "எடுக்கறதா" மட்டும்தான் அவள் காதில் ஏறியது.

இரண்டு முறை சுத்தம் செய்து, பல்லில் கெட்டியாகப் படிந்திருந்த காரையை எடுத்த பிறகு அம்மா கண்ணாடி முன்னால் நின்று அலறினாள். "பாத்தியா! சுத்தம் பண்ணுனா பல்லு கெட்டுப்போகும்னு அக்கா சொன்னா, நாந்தான் கேக்கல. பல்லுக்குப் பல்லு சந்து உட்டுப்போச்சு!"

"சந்து முன்னாலயே இருந்துதும்மா. காரை அடைச்சிருந்துது."

"அடச்சே இருந்துட்டுப் போகுது. உனக்கென்ன வந்துது?"

டாக்டரம்மா கொடுத்த நூல் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டிக்குள் இருந்தது. இழுத்தால் வரும், அங்கேயே இருக்கும் தகரப் பல்லில் அழுத்தினால் அறும். உள்ளே மடித்து வைத்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு முழுவதையும் படித்தேன். ஒரு முழம் நூல் எடு, இரண்டு நடுவிரல்களில் சுற்று, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடி, மெதுவாக இடுக்கில் இறக்கு, ஒரு பல்லின் பக்கவாட்டை அணைத்தாற்போல் வளைத்து மேலும் கீழும் தேய், பிறகு அதே இடுக்கில் அடுத்த பல். ஒவ்வோர் இடுக்குக்கும் நூலின் புதுப் பகுதி. படித்து முடித்துவிட்டு வீட்டு நடுவில் நின்று பாடம் எடுத்தேன்.

யாரும் பாடத்தைக் கவனிக்கவில்லை. அப்பா நூலைக் கவனித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், விரலில் உருட்டினார், காதருகே வைத்துச் சுண்டினார்.

"இது என்ன நெம்பர் நூலு கண்ணு?"

"பல்லு நூலுக்கு நெம்பர் இல்லீங்ப்பா."

"நெம்பர் இல்லாத நூலு உண்டா? முறுக்கே காணமே. பட்டையா இருக்குது. மெழுகு வேற போட்டிருக்கறான்." இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். அறவில்லை. அப்பாவின் கண் மின்னியதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அம்மா முனகிக்கொண்டே சுற்றினாள். பல வருடம் இழை பிணைத்துப் பிணைத்து அவள் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். சுற்றிய நூல் அந்த வெடிப்பில் போய் உட்காரும். "பல்லை அறுக்கச் சொன்னியா, வெரலை அறுக்கச் சொன்னியா?" என்பாள். நூலை இடுக்கில் இறக்குவதும் அவளுக்குத் தறி அச்சு அடிப்பதுபோல்தான், ஓங்கி ஒரே அடி. ரத்தம் வந்தது. ரத்தம் வந்தால் நிறுத்தக்கூடாது, மெதுவாகச் செய்தால் கொஞ்ச நாளில் தானாக நிற்கும் என்று தாளில் படித்ததைச் சொன்னேன். தாளை எழுதியவன் வந்து வாயைத் திறக்கட்டும் என்றாள்.

மூன்றாவது வாரம் பெட்டி காலி. இவ்வளவு சிரத்தையாகச் செய்திருக்கிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவைப் பாராட்டினேன்.

"நானா? பாதிப் பெட்டிகோட ஆயிருக்காது. உங்கப்பனைக் கேளு."

"ஏனுங்ப்பா, பல்லு நூலு எங்கீங்க?"

"மூணாந் தறியில இருக்குது கண்ணு. விழுதுக் கவுறு அறுந்துபோச்சு. கட்டிப்போட்டேன். அடேயப்பா, என்ன கெட்டி! எந்த மில்லு நூலு அது?"

மூன்றாம் தறி அன்று எல்லாத் தறிகளையும்விட அழகாக ஓடிக்கொண்டிருந்தது.

மருத்துவமனையில் கேட்டேன். டாக்டரம்மா ஊரில் இல்லை, அலமாரிச் சாவி அவரிடம். ஆர்.எஸ்.புரத்து மருந்துக் கடைகளில் கேட்டேன். பல் இடுக்குக்கு நூல் என்றதும் ஒரு கடைக்காரர் பஞ்சுச் சுருளை எடுத்து வைத்தார். இன்னொருவர் தையல் போடும் நூலென்று நினைத்துச் சீட்டு எங்கே என்றார். பேருந்தில் வீடு திரும்பும்போது பீளமேட்டு மில்கள் ஜன்னலுக்கு வெளியே வரிசையாகப் போயின. அப்போதுதான் எனக்கு அந்த அறிவு உதித்தது. ஊரே நூலாக இருக்கிறது. வீட்டில் ஒரு குடோன் நூல் இருக்கிறது. நான் ஏன் கடை கடையாக அலைகிறேன்?

தறிக்காரர் மகளுக்கு நூல் தேர்ந்தெடுக்கச் சொல்லித் தர வேண்டுமா? குறுக்கே போகும் ஊடை நூல் இளசு, இழுத்தால் போய்விடும். நெடுக்கே ஓடும் பாவு நூல்தான் கெட்டி, ஏனென்றால் அதற்குக் கஞ்சி போட்டிருக்கும். பாவு நூலில் ஒரு முழம் எடுத்து இழுத்துப் பார்த்தேன். விறைப்பாக நின்றது. கஞ்சி போட்ட நூலைத் தண்ணீரில் நனைத்தால் என்ன ஆகும் என்பது எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். வாய்க்குள் தண்ணீர் இருக்கிறது என்பதை மட்டும் பன்னிரண்டாவது படித்தவள் மறந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோழிக் குழம்பு தின்றுவிட்டு அம்மா ஊக்கைத் தொடப்போனாள். நான் தடுத்துப் பாவு நூலை நீட்டினேன். "இது நம்ம நூலும்மா. வெரலை அறுக்காது."

நம்ம நூல் என்றதும் அம்மாவுக்கும் நம்பிக்கை வந்தது. கீழ் முன்பல் இடுக்கில் இறக்கினாள், மேலும் கீழும் இழுத்தாள். நான்காவது இழுப்பில் முகம் மாறியது.

"வழுவழுங்குது அம்மணி."

"அப்பிடித்தான் இருக்கும். இழு."

"கஞ்சி குடிக்கற மாதிரி இருக்குது."

"இழும்மா."

இழுத்தாள். கஞ்சி கரைந்துபோன நூல் இடுக்குக்குள்ளேயே பஞ்சாகப் பிரிந்து பட்டென்று அறுந்தது. ஒரு முனை முன்பக்கமும் ஒரு முனை நாக்குப் பக்கமும் தொங்கின. அப்படியே விட்டிருந்தால் உருவி எடுத்திருக்கலாம். ஆனால் என் அம்மா இருபது வருடமாகத் தறி ஓட்டுகிறவள். அறுந்த இழையைக் கண்டால் அவள் கை அவளைக் கேட்காது. என் கண் முன்னால், நான் "வேண்டாம்மா" என்று வாயெடுப்பதற்குள், இரண்டு முனைகளையும் பல்லுக்கு மேலாகச் சேர்த்துப் பிடித்து, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. முடிச்சு விழுந்துவிட்டது. தறிக்காரர் முடிச்சு. கன்றுக்குட்டியைக் கட்டினாற்போல் அம்மா தன் முன்பல்லைக் கட்டிப்போட்டிருந்தாள். முடிச்சைத் தாண்டி வாய்க்கு வெளியே ஒரு சாண் நூல் தொங்கியது.

நான் அதைப் பிடித்து இழுத்தேன். முடிச்சு இடுக்குக்குள் இன்னும் இறங்கியது. அம்மா வாயைத் திறந்தபடியே என்னைத் திட்டினாள். ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் எல்லாம் புரிந்தது. சத்தம் கேட்டு அப்பா வந்து பார்த்தார். போய் நூல் வெட்டும் கத்தரியை எடுத்து வந்தார். அம்மா கத்தரியைக் கண்டதும் சமையற்கட்டுக்குள் ஓடினாள்.

சரியாக அந்த நேரத்தில்தான் பெரியம்மா வந்து சேர்ந்தாள்.

"என்னடி இது, வாயிலிருந்து நூலு வருது? பாவு ஓட்டறியா?"

"ஆஆ... ஆ" என்று அம்மா என்னைக் கை காட்டினாள்.

"படிச்ச புள்ள வேலையா? நாஞ்சொன்னனல்ல. செட்டுப் போட்டிருந்தா இந்தக் கெரகம் உண்டா?" பெரியம்மா தன் வெள்ளைப் பற்கள் முழுவதையும் காட்டிச் சிரித்தாள். அப்பாவும் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவிடமிருந்து கத்தரியைப் பிடுங்கி, அதன் முனையால் நூலின் தொங்கலை மட்டும் தானே வெட்டி எறிந்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "நோம்பியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்கே போயி புடுங்கிப்போட்டு வாரேன். இத்தோட உன்ற வைத்தியத்தை நிறுத்திக்க."

அவள் குரலில் விளையாட்டு இல்லை. நான் காப்பாற்ற வந்த பல்லை நானே பிடுங்க வைத்துவிட்டேன்.

மறுநாள் முதல் பேருந்தில் கிளம்பினோம். அம்மா முந்தானையை மூக்குவரை இழுத்துப் பிடித்திருந்தாள். பக்கத்து இருக்கைக்காரம்மா குனிந்து பார்த்தார். "ஏனுங், அம்மாளுக்கு வாந்திங்களா?" என்று தன் பையிலிருந்து ஒரு எலுமிச்சம் பழத்தை எடுத்து அம்மா கையில் திணித்தார். அம்மா மறுக்கவும் வாயைத் திறக்க முடியாமல் பீளமேடு வரை அதை முகர்ந்துகொண்டே வந்தாள்.

டாக்டரம்மா திரும்பி வந்திருந்தார். விளக்கைத் திருப்பிப் பார்த்தார். "இது என்ன நூல்?"

"பாவு நூலுங்க டாக்டர்."

"நாற்பதாம் நம்பருங்க" என்று சேர்த்துச் சொன்னேன். முகமூடிக்குப் பின்னால் அவர் சிரித்த சிரிப்பில் தோள் இரண்டும் குலுங்கின.

சின்னக் கத்தரியால் அம்மாவின் முடிச்சை வெட்டினார். ஆனால் இடுக்குக்குள் பஞ்சு இறுகியிருந்தது, கொக்கியில் வரவில்லை. அப்போது புதுப் பெட்டியிலிருந்து நூல் எடுத்து, அதன் நடுவில் ஒரு முடிச்சுப் போட்டார். நூலை இடுக்கில் இறக்கி, முடிச்சுப் பக்கவாட்டில் வருமாறு உருவினார். முடிச்சுப் பஞ்சை வாரிக்கொண்டு வெளியே வந்தது. நான் ஏந்திய தட்டில் விழுந்தது நேற்றைய என் அறிவு.

வாய் விடுதலையானதும் அம்மா எழுந்து உட்கார்ந்தாள். பிடுங்கச் சொல்லப்போகிறாள் என்று நான் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"முடிச்சுப் போட்டதுக்கு இவ நேத்தெல்லாம் என்னை வஞ்சா. நீங்களும் முடிச்சுத்தானுங்க போடறீங்க!"

"ஆமாம்மா. சில நேரம் முடிச்சுதான் வேலை செய்யும்."

"ஆனா டாக்டரம்மா, நீங்க போட்டது முடிச்சே இல்லீங்க. மொட்டு மாதிரி தடியா நிக்குது. இப்பிடிக் குடுங்க." நூலை வாங்கினாள். கண் சிமிட்டும் நேரத்தில் முடிச்சு விழுந்தது. கண்ணுக்கே தெரியவில்லை, தடவினால்தான் தெரிந்தது. டாக்டரம்மா மூன்று முறை முயன்று தோற்றார். காத்திருந்தவர்கள் கதவைத் தட்டும் வரை நாற்காலியில் முடிச்சுப் பாடம் நடந்தது.

"நூலைச் சுத்துனா வெரல் அறுக்குதுங்க, அதான் இவகூட மல்லுக்கட்டு" என்று அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த நூலின் இரு முனைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டாள். ஒரு வளையம் ஆயிற்று. அதற்குள் எல்லா விரல்களையும் நுழைத்து விரித்தாள். சுற்ற வேண்டியதே இல்லை. அறுக்கவில்லை. முன்னால் இருந்த கண்ணாடியைப் பார்த்துக் கீழ்ப்பல் இடுக்கில் இறக்கினாள். ஓங்கி அடிக்காமல், மெதுவாக.

"சுத்தத் தெரியாதவங்களுக்கு இப்படி வளையமாக் கட்டித் தர்றது உண்டு" என்றார் டாக்டரம்மா. "ஆனா இவ்வளவு சின்ன முடிச்சோட நான் பார்த்ததில்லை."

பல்லைப் பிடுங்கச் சொல்ல வந்ததை அம்மா மறந்துவிட்டாள். நான் நினைவுபடுத்தவில்லை.

புதுப் பெட்டியை அப்பா கண்ணில் படாமல் என் மதிப்பெண் பட்டியல் இருக்கும் தகரப் பெட்டியில் பூட்டி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா வாரத்துக்கு வேண்டிய வளையங்களைக் கட்டிக்கொள்வாள். அவற்றை வளையல் ஊக்கில் கோத்து வைத்திருப்பாள். பல்லைக் குத்திக்கொண்டிருந்த அதே ஊக்கு. முதல் வாரமே ஒரு சண்டை வந்தது. காலையில் கொல்லையில் துணிக்கொடியில் வெள்ளையாக என்னவோ ஆடியது. பார்த்தால், உபயோகித்த வளையங்களைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள்.

"எறியோணுமா? நல்லாத்தானே இருக்குது. நூலை எறிஞ்சா நல்லாவா இருக்கும்?"

"எடுத்த அழுக்கைத் திரும்ப வாய்க்குள்ள வச்சுக்கறதா? எறிம்மா."

எறிந்தாள், மனசில்லாமல். தேய்க்கும் விதத்தையும் தாளில் இருந்தபடி சொல்லாமல், குளித்துவிட்டுத் துண்டால் முதுகு துடைக்கிற மாதிரி ஒவ்வொரு பல்லையும் அணைத்துத் துடை என்றேன். அது உடனே பிடிபட்டது. முதல் வாரம் ரத்தம் வந்தது. இரண்டாவது வாரம் சில இடுக்கில் மட்டும். ஒரு மாதம் கழித்துத் துப்பியது வெறும் நுரையாக இருந்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள், நான் ஏதோ நம்பாததுபோல. வாடை எப்போது போயிற்று என்று தெரியவில்லை. ஒரு நாள் அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நோம்பி வந்தது. கெடா வெட்டி, ஒறம்பரை சொந்தபந்தமெல்லாம் பந்தியில் உட்கார்ந்தோம். இலையில் கறி விழுந்ததும் பெரியம்மா பக்கவாட்டில் திரும்பி, வாயில் கை வைத்து, செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்தாள். செட்டோடு கறி தின்ன முடியாது என்பதை இரண்டு வருடமாக எங்களிடம் சொல்லாமலே வைத்திருந்தாள். ஈரலையும் சாற்றையுமாகப் பிசைந்து விழுங்கினாள். பக்கத்தில் அம்மா நெஞ்செலும்பைக் கடித்தாள். கடக்கென்ற சத்தம் மூன்று இலை தாண்டிக் கேட்டது.

"மெதுவாத் தின்னுடி" என்றாள் பெரியம்மா.

"உனக்கும் ஒண்ணு போடச் சொல்லட்டுமா அக்கா? நல்ல எலும்பு."

பந்தி முடிந்து கை கழுவியதும் எல்லா ஆண்களும் தீக்குச்சி தேடினார்கள். அம்மா ஊக்கிலிருந்து ஒரு வளையத்தைக் கழற்றி, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று வேலையை முடித்தாள். சித்தி எனக்கொன்று என்றாள். மாமா எனக்கொன்று என்றார். ஊக்கு காலியாகப் போகிற நேரத்தில் பெரியம்மா என் கையைச் சுரண்டினாள். செட்டு இல்லாத வாயால், யாருக்கும் கேட்காத குரலில், "அம்மணி, மிச்சம் ரெண்டு பல்லு இருக்குதல்ல. அதுக்கு நடுவுல நாரு மாட்டிக்கிச்சு. வலி உசிரு போகுது. நூலு போகுமா?" என்றாள்.

"போகுமுங்க பெரீம்மா. நீங்களே உட்டு எடுங்க."

"கடைவாயில எனக்குக் கையெட்டாது. நீயே உட்டு எடு."

வெளிச்சத்துக்குத் திருப்பி உட்கார வைத்தேன். கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன். கடைசி வளையத்தை விரலில் விரித்துக்கொண்டேன். பெரியம்மா வாயைத் திறந்தாள். உள்ளே விடுவதற்கு முன் ஒரு நொடி கையை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தேன். அன்று தான் கேட்ட கேள்வி அவளுக்கும் நினைவு வந்துவிட்டது. வாயைத் திறந்தபடியே என் தொடையில் ஒன்று வைத்தாள்.

நார் வந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் கை வைத்த முதல் வாய் பெரியம்மாவுடையது.

நோம்பி முடிந்த வாரம், சொன்னபடி, அம்மாவைக் கூட்டிப் போனேன். மூன்று மாதம் முன்பு எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னவள், இப்போது நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். டாக்டரம்மா கீழ்ப்பல் நான்கையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். மூன்று உறுதியாக நின்றன. ஒன்று மட்டும் கொஞ்சம் அசைந்தது.

"புடுங்கோணுமுங்களா?" அம்மாவின் குரல் உள்ளே போயிருந்தது.

"இல்லம்மா. இப்படியே செஞ்சீங்கன்னா இதையும் விட்டு வைக்கலாம். ஆறு மாசத்துக்கொரு தடவை வந்து காட்டுங்க."

அம்மா சிரித்தாள். முந்தானை இடுப்பில் செருகியபடியே இருந்தது.

அன்றைக்கே டாக்டரம்மாவிடம் கேட்டேன். பல் சுத்தம் செய்கிற வேலைக்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது, இரண்டு வருடம், பன்னிரண்டாவது முடித்திருந்தால் போதும் என்றார். சான்றிதழின் நகல் எடுக்கத் தகரப் பெட்டியைத் திறந்தபோதுதான் அப்பா உள்ளே இருந்த நூல் பெட்டியைப் பார்த்துவிட்டார். இரண்டாந் தறிக்குக் கொஞ்சம் கேட்டார். கொடுக்கவில்லை.

விண்ணப்பம் போயிற்று, அழைப்பு வந்தது. பெரியம்மா தறிச்சத்தத்துக்கு நடுவே மறுபடியும் கத்தினாள். "இன்னும் ரெண்டு வருசம் படிக்கறியா? அதுவும் மெட்ராசு போயி? எதுக்குடி?"

"ஊரான் வாய்க்குள்ள கைய உடறதுக்குத்தானுங்க பெரீம்மா" என்று நானும் கத்தினேன். பக்கத்துக் குடோனில் யாரோ சிரித்தார்கள்.

இதைச் சென்னையில் விடுதி மேஜையில் எழுதுகிறேன். நேற்றுதான் எங்கள் முதல் செய்முறை வகுப்பு. ஆளுக்கொரு பொம்மைத் தாடையும் ஒரு முழம் நூலும் கொடுத்து இடுக்கைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். மற்றவர்கள் விரலில் சுற்றிக்கொண்டிருந்தபோது நான் முனைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டு, வளையத்தைப் பொம்மையின் கீழ் முன்பல்லில் இறக்கினேன்.